மடிக்கணினியும் அதன் துபாஷிகளும்

நம் கல்லூரியில் மடிக்கணினி இல்லாத மாணவர் இக்காலத்துச் சிலரே. தம் மடிக்கணினியின் உள்ளே இருப்பன யாவை என்று அறிந்த மாணவரோ அவரினும் சிலர். இவ்வறியாமையால் பெருந்தீங்கொன்றும் நேராதென்று யான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சென்ற ஆடித் திங்களில் நேர்ந்த நிகழ்ச்சியொன்று என் எண்ணத்தை மாற்றிற்று. அதனை முன்னிட்டு என் அபிப்பிராயத்தை நம் சஞ்சிகையின் வாயிலாக மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், பழைய மாணவர்க்கும் தெரிவித்துக்கொள்ள விரும்புகின்றேன். யான் கணினி நூல் வல்லேனல்லேன், தமிழ் கற்பிப்பவன். ஆதலின் வல்லோர் குறை காணின் பொறுப்பாராக.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் மடிக்கணினி ஒன்றைத் துணிப்பையில் இட்டு, ஒருநாள் மாலை என் அறைக்கு வந்தார். அவர் தாயார் மகளிர் சுயஉதவிக் குழுவிற் கடன் பெற்று, பிறரொருவர் பயன்படுத்திய அக்கணினியை 22,000 ரூபாய்க்கு வாங்கித் தந்திருந்தார். விற்றவர் தம்முடைய கோப்புக்களை அழிக்கப் புகுந்து, விண்டோஸையும் சேர்த்தே அழித்துவிட்டுக் கொடுத்திருந்தார். மாணவி விண்டோஸ் 11-ஐ ஒரு பென் டிரைவிற் கொணர்ந்து ஏற்றத் தொடங்கினார். எவ்வட்டில் ஏற்றுவது என்று வினவும் இடம் வந்ததும், வட்டொன்றும் காணப்படவில்லை என்று திரை கூறிற்று. கடைவீதியிற் பழுது பார்ப்பவரொருவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவரும் அதே திரையைக் கண்டு, "எஸ்.எஸ்.டி. போய்விட்டது, புதிது போடவேண்டும், கூலியோடு 6,500 ரூபாய் ஆகும்" என்று தீர்ப்புக் கூறிவிட்டார்.

"ஐயா, இன்னும் முதல் தவணையே கட்டவில்லை. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்?" என்றார் அம்மாணவி.

யானும் வட்டுக் கெட்டதென்றே நம்பினேன் என்பதை ஈண்டு மறையாது கூறுதல் வேண்டும். "விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு, அம்மா" என்று சொல்ல வாயெடுத்த வேளையில், பௌதிக சாஸ்திர மாணவரொருவர் தம் கட்டுரையைத் திருப்பிப் பெற்றுக்கொள்ள அங்கு வந்தார். செய்தியைக் கேட்டதும் தம் சட்டைப்பையினின்றும் ஒரு பென் டிரைவை எடுத்தார். அதில் லினக்ஸ் இருந்தது. வட்டின் உதவியின்றித் தானே எழுந்து நடக்கவல்ல லினக்ஸ் அது. சில நிமிஷங்களில் திரை ஒளிர்ந்தது. இறந்ததெனத் தீர்ப்பளிக்கப்பட்ட வட்டு, 512 ஜிகாபைட் என்னும் தன் முழு அளவோடு அங்கே காட்சியளித்தது! வட்டு ஒரு நாளும் கெடவில்லை. அதனோடு பேசத் தெரிந்த ஒருவர் விண்டோஸின் பக்கத்தில் இல்லை, அவ்வளவே.

அந்த ஒருவர்க்குத்தான் ஆங்கிலத்தில் டிரைவர் என்றும், தமிழில் இயக்கி என்றும் பெயர். இவ்விரண்டு பெயரும் எனக்கு மனநிறைவு தரவில்லை. டிரைவர் என்றதும் வண்டி ஓட்டுபவர் நினைவுக்கு வருகிறார். இயக்கி என்றதும் தென்னாட்டுச் சிற்றூர்த் தெய்வம் நினைவுக்கு வருகிறது. செய்யும் தொழிலை நோக்கின் அதனைத் துபாஷி என்பதே பொருந்தும். கணினியின் ஒவ்வோர் உறுப்பும் தனக்குரிய பாஷையொன்றையே அறியும். ஒலிப்பொறி ஒரு பாஷை, வரைகலைப்பொறி ஒரு பாஷை, கம்பியில்லா வலையட்டை வேறொரு பாஷை. விண்டோஸ் போன்ற இயங்குதளம் அவற்றுள் எதனையும் நேரே அறியாது. இடையே இருமொழி வல்ல ஒருவர் நின்று, அங்குச் சொன்னதை இங்கும், இங்குச் சொன்னதை அங்கும் மாற்றி உரைக்கின்றார். புதுச்சேரியிற் கவர்னர் தூப்ளேக்ஸுக்கும் நம் நாட்டவர்க்கும் இடையே ஆனந்தரங்கப் பிள்ளை நின்றது எவ்வாறோ அவ்வாறே இதுவும். ஆங்கிலம் மட்டும் அறிந்த துபாஷியொருவரை அந்தப் பிரெஞ்சுக் கவர்னரின் முன் நிறுத்தியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? தவறான இயக்கியை ஏற்றிய கணினியிலும் அதுவே நிகழ்கிறது. ஒன்று, மௌனம், அன்றேல், கலகம்.

இம்மாணவியின் கணினியில் நேர்ந்தது யாதெனின், இன்டெல் நிறுவனத்தின் 11ஆம் தலைமுறைச் செயலிகள் 2020இல் வெளிவந்தது தொட்டு, மடிக்கணினிகள் பலவற்றில் வட்டானது இயங்குதளத்தின் முன் நேரே வந்து நிற்பதில்லை, வி.எம்.டி. எனப்படும் ஒரு வாயிலோன் பின்னே நிற்கிறது. வாயிலோனது பாஷை தெரிந்தாலன்றி உள்ளே இருப்பவர் உளர் என்பதே புலனாகாது. பென் டிரைவில் இருந்த விண்டோஸிற்கு அது தெரியாது, லினக்ஸிற்குத் தெரிந்திருந்தது. மடிக்கணினி செய்த நிறுவனத்தின் வலைத்தளத்தில் அவ்வாயிலோனுக்குரிய இயக்கி கிடைத்தது. அதனை விரித்து, ஐ.என்.எஃப். என்னும் ஈற்றையுடைய கோப்பு வெளியே தெரியும்படி ஒரு மடிப்பில் இட்டு, பென் டிரைவிற் சேர்த்து, வட்டில்லை என்று கூறும் அத்திரையிலேயே உள்ள 'லோட் டிரைவர்' என்னும் பொத்தானை அழுத்தி அம்மடிப்பைக் காட்டினோம். வட்டு வந்துவிட்டது. (கட்டாக இறங்கும் கோப்பை விரிக்காமல் அப்படியே வைப்பவர்க்கு இது பலிக்காது. பையோஸிற் புகுந்து வி.எம்.டி.யை நிறுத்திவிடுதலும் ஒரு வழியே. ஆயின் முன்னரே விண்டோஸ் ஏறியிருக்கும் கணினியில் அங்ஙனம் செய்தால் அது எழாது போதல் கூடும்.)

அதன்பின் இன்னொரு முட்டு வந்தது. விண்டோஸ் 11 தன் நிறுவலை முடிக்குமுன் வலையிணைப்பு வேண்டுமென்று நின்றது. கம்பியில்லா அட்டைக்கு இயக்கி இல்லாமையால் வலையிணைப்பு இல்லை. வலை இருந்தால் இயக்கி வரும். இயக்கி இருந்தால் வலை வரும். ஆண்டிராய்டு செல்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, அதன் வலையைக் கணினிக்குக் கடனாகக் கொடுத்து இம்முட்டைக் கடந்தோம். அட்டை இன்னதென்று லினக்ஸிலேயே முன்னர்ப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தோம். இரண்டே எண்கள்: 8086, 2725.

இவ்வெண்களைப் பற்றியே யான் முக்கியமாக எழுத விரும்புகின்றேன். தன் கணினிக்கு இயக்கி தேடுவோன் முதலிற் செய்வது யாது? அட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரைத் தேடுபொறியில் இட்டு, பின்னால் 'ஃப்ரீ டவுன்லோட்' என்று சேர்த்துக்கொள்வது. இது ஒரு பெரிய பட்டணத்தில் "முத்துசாமி வீடு எது?" என்று தெருவெல்லாம் கேட்டுக்கொண்டு போவதை ஒக்கும். பெயர் ஒன்றாயினும் பொருள் பலவாம். ஒரே மாதிரிப் பெயரில், ஒரே ஆண்டில் விற்ற மடிக்கணினிகளுள் ஒன்றில் இன்டெல் அட்டை இருக்கும். மற்றொன்றில் ரியல்டெக் அட்டை இருக்கும். வேறொன்றில் மீடியாடெக் அட்டை இருத்தலும் உண்டு. செய்பவர்க்கு அம்மாதத்தில் எது கிடைத்ததோ அதுவே உள்ளே சென்றது. நிறுவனத்தின் தளத்தில் ஒரே மாதிரிக்குக் கம்பியில்லா இயக்கிகள் இரண்டு மூன்று பட்டியலிடப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. மாணவர் அவற்றுட் புதியதே சிறந்ததென்று கருதி ஒன்றை இறக்கி, அது பொருந்தாதொழிய, கணினி பழுதென்று முடிவுகட்டி விடுகின்றனர்.

எண்ணோ மயங்காது. 1992இல் பி.ஸி.ஐ. என்னும் இணைப்பு முறை தோன்றியபோதே, அதில் வந்து பொருந்தும் ஒவ்வோர் உறுப்பும் தன்னை எண்ணால் அறிவிக்கவேண்டும் என்று விதித்தனர். முதலெண் செய்தவனைக் குறிக்கும். இரண்டாமெண் செய்த பொருளைக் குறிக்கும். செய்தவனுக்குரிய எண்ணை பி.ஸி.ஐ. சிக் என்னும் சங்கம் வழங்குகிறது. பதினாறை அடிமானமாகக் கொண்டு நான்கு இடங்களில் எழுதப்படும் எண்ணாதலின் 65,536 வகைக்கு அதில் இடமுண்டு. 8086 என்பது இன்டெல் நிறுவனத்தின் எண். 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற செயலிக்கும் 8086 என்பதே பெயர். தங்கள் குலப்பெயராக அதனையே வைத்துக்கொண்டனர் போலும்! 2725 என்பது ஏ.எக்ஸ். 210 என்னும் கம்பியில்லா அட்டை. இவ்விரண்டையும் தேடுபொறியில் இட்டால் ஐயத்திற்கு இடமில்லை.

இவ்வெண்ணைக் காண்பதற்கு லினக்ஸும் இன்றியமையாததன்று. விண்டோஸில் டிவைஸ் மானேஜர் என்பதைத் திறந்தால், துபாஷி இல்லாத உறுப்புக்களின் அருகே மஞ்சள் நிற ஆச்சரியக்குறி தோன்றும். அதன்மேல் இருமுறை சொடுக்கி, 'டீடெயில்ஸ்' என்னும் பகுதியில் 'ஹார்ட்வேர் ஐடிஸ்' என்பதைத் தெரிந்தெடுத்தால், 'வென்' என்பதன் பின் செய்தவன் எண்ணும், 'டெவ்' என்பதன் பின் பொருளின் எண்ணும் நிற்கும். யு.எஸ்.பி. உறுப்பாயின் 'விட்', 'பிட்' என்று இருக்கும். 'அன்னோன் டிவைஸ்' என்று திரை கூறுவது எழுத்தறியாதவன் கூற்றேயன்றி உண்மையன்று. அவ்வுறுப்புத் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இன்னொன்று: தொடுபலகை வேலை செய்யாதபோது தொடுபலகையின் இயக்கியையே தேடி அலைய வேண்டா. பல கணினிகளில் அப்பலகைக்குச் செல்லும் தடத்திற்கே முதலில் இயக்கி வேண்டும். ஆதலின் சிப்செட் என்னும் தாய்ப்பலகை இயக்கிகளை முதலில் ஏற்றிவிட்டுப் பிறவற்றை நோக்குதல் முறை. பாதிக் குறிகள் அதனாலேயே மறைந்துவிடும்.

எண்ணை அறியாதவன் எங்கே போய் விழுகின்றான் என்பதையும் கூறவேண்டும். தேடுபொறியில் முதற்கண் தோன்றுவன பெரும்பாலும் செய்தவர்தம் தளங்களல்ல. "உங்கள் கணினியின் இயக்கிகளெல்லாம் பழையன, யாமே யாவற்றையும் புதுப்பிப்போம்" என்று முழங்கும் மென்பொருள்களே அவை. அவற்றுட் பல முதலில் அச்சுறுத்தும். பின் பணம் கேட்கும். பணம் கொடுப்பினும் கொடுக்காவிடினும் விளம்பரங்களை விதைத்துவிட்டுப் போகும். ஏனைய மென்பொருளைப் போன்றதன்று இயக்கி. அஃது இயங்குதளத்தின் கருவறைக்குள்ளேயே நிற்பது. அங்கே நிற்பவன் இடறினால் கோயிலே விழும். 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் அத்தகைய இயக்கி, பிழையான ஒரு தரவுக்கோப்பைப் படித்தமையால், ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நிலைகுலைந்தன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. ஆகாயவிமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரிகள் இடர்ப்பட்டன. அது நல்லெண்ணமுடைய நிறுவனத்தின் பிழை. தீயெண்ணமுடையோன் தரும் இயக்கியை எங்ஙனம் நம்புவது? முத்திரை பெற்ற இயக்கியையே 64 பிட் விண்டோஸ் ஏற்கும் என்பது ஓரளவு காவலே. ஆயின் 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் நச்சுநிரல், நிறுவனங்களிடமிருந்து களவாடப்பட்ட முத்திரைகளைக் கொண்டே உள்ளே புகுந்தது. ஆதலின் கணினி செய்தவர் தளம், உறுப்புச் செய்தவர் தளம், விண்டோஸ் தானே புதுப்பிக்கும் வழி ஆகிய மூன்றையன்றி நான்காவதொன்றை மாணவர் நாடலாகாதென்பது என் உறுதியான கருத்து.

நிற்க. குற்றம் முழுவதையும் மாணவர் தலையில் ஏற்றுவது நியாயமன்று. எண்ணை அறிந்து, நேர்வழியிற் சென்றும், இயக்கி கிடையாத இடமுண்டு. நம் தமிழ்த்துறையில் ஓர் ஒளிவருடி இருக்கிறது. நம் சஞ்சிகையின் பழைய இதழ்களைப் படமெடுத்துக் காப்பதற்காகப் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கப்பட்டது. அதன் கண்ணாடியிற் கீறலில்லை. விளக்கு நன்றாய் எரிகிறது. துறைக்குப் புதிய கணினி வந்த அன்றே அஃது ஊமையாயிற்று. அதன் இயக்கி 32 பிட் விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. 64 பிட் விண்டோஸ் அதனை ஏற்காது. புதியது தருவீர்களோ என்று செய்தவருக்கு எழுதினோம். அந்த மாதிரிக்கு ஆதரவு முடிந்தது, புதிய மாதிரி வாங்கிக்கொள்ளுங்கள் என்று விடை வந்தது. நல்ல நிலையிலுள்ள பொருளைக் குப்பையில் எறிய வேண்டுமாம், அதனோடு பேசும் முறையைச் சொல்லித்தர ஒருவர்க்கு மனமில்லாமையால். இறுதியில் லினக்ஸிலுள்ள சேன் என்னும் தொகுப்பு அதனைப் பேசச் செய்தது. முகமறியாத தன்னார்வலர் யாரோ அதற்கு இயக்கி எழுதி வைத்திருந்தனர். பழைய மாணவர் பலர் தம் இளமைக் கட்டுரைகளை இன்று செல்பேசியிற் படித்து மகிழ்வது அவர் உபகாரத்தாலேயே.

இக்குறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1980ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சிச் சாலையில் ஸீராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று இருந்தது. காகிதம் சிக்கியதும் காத்திருப்போர்க்கு அறிவிக்குமாறு அதன் மென்பொருளைத் திருத்த ரிச்சர்டு ஸ்டால்மன் விரும்பினார். முன்பிருந்த அச்சுப்பொறியில் அவ்வாறே செய்திருந்தார். புதியதன் மூலநிரலை வைத்திருந்த ஒருவரைத் தேடிச் சென்று கேட்டபோது, எவர்க்கும் தருவதில்லையென்று ஒப்பந்தமிட்டிருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் க்னூ என்னும் கட்டற்ற மென்பொருள் முயற்சியை அறிவித்ததற்கு அம்மறுப்பும் ஒரு காரணமாயிற்று.

இயக்கி எழுதுவது செலவு. பழைய பொருளுக்கெல்லாம் எழுதிக்கொண்டிருந்தால் வாணிகம் நடக்குமோ என்று நிறுவனத்தார் கேட்பர். கேள்வி நியாயமானதே. பத்தாண்டு, இருபதாண்டு எழுதிக்கொடுக்குமாறு யானும் கேட்கவில்லை. ஆதரவை நிறுத்தும் நாளில் அவ்வுறுப்பின் பாஷையிலக்கணத்தை வெளியிட்டுவிடுங்கள் என்றே கேட்கிறேன். எழுதுவோர் இருக்கின்றனர். 2007இல் கிரெக் குரோவா ஹார்ட்மன் என்னும் லினக்ஸ் அறிஞர், இலக்கணத்தை மட்டும் தாருங்கள், இயக்கியை யாங்கள் இலவசமாக எழுதித் தருகின்றோம் என்று நிறுவனங்களுக்கெல்லாம் பகிரங்கமாக அறிவித்தார். தொழில் இரகசியம் வெளிப்பட்டுவிடும் என்பர் வேறு சிலர். வாயிற்கதவின் தாழ் எப்புறம் திறக்கும் என்று சொல்வதால் வீட்டிலுள்ள நிதி வெளிப்படுமோ? பெருநிறுவனங்களும் மெல்ல இணங்கியே வருகின்றன. லினக்ஸின் தந்தையாகிய லீனஸ் டோர்வால்ட்ஸ் 2012இல் பின்லாந்திலுள்ள ஆல்டோ பல்கலைக்கழகத்தில், அச்சிலேற்றத் தகாத ஒரு சொல்லால், என்விடியா நிறுவனத்தை ஏசினார். பத்தாண்டு கழித்து 2022 மே மாதத்தில் அந்நிறுவனமே தன் வரைகலைப்பொறியின் லினக்ஸ் கருவியக்கிகளை மூலநிரலோடு வெளியிட்டது. ஏச்சினால் வந்த பயனோ, வாணிகக் கணக்கினால் வந்ததோ, எதுவாயினும் நன்றே. நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுது நீக்கும் உரிமைக்கென ஒரு தளத்தைத் திறந்தது. திருகாணிக்கும் உதிரிப்பாகத்திற்கும் அவ்வுரிமை உண்டெனின், இயக்கிக்கும் உண்டென்று நுகர்வோர் கேட்கவேண்டும்.

இதனை இப்பொழுது எழுதுவதற்கு இன்னொரு காரணமுண்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்கத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட கணினிகள் எண்ணிறந்தன. அவை அலுவலகங்களினின்றும் கழிக்கப்பட்டு, கைமாறி, நம் மாணவர்போன்றோர் மடிக்கே வந்து சேரும். அடியிலுள்ள காகிதம் தேய்ந்திருக்கும். விற்பவர்க்கு விவரம் தெரியாது. வாங்குவோர்க்கு அவை முன்பின் அறியாத யந்திரங்களே. 6,500 ரூபாய்த் தீர்ப்புக்களும் அத்துடன் பெருகும்.

ஆகவே நம் கல்லூரிக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. முதலாண்டு மாணவர்க்கு நூலகத்தைச் சுற்றிக்காட்டும் வாரத்திலேயே, ஒரு மணி நேரம் ஒதுக்கி, அவரவர் கணினியின் உறுப்பெண்களைக் காணவும் குறித்துக்கொள்ளவும் பழக்கவேண்டும். கணினி நலமாயிருக்கும்போதே குறித்தல் எளிது; படுத்தபின் கடினம். நூலகத்தில் லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் நான்கைந்து இருந்தால், புத்தகம்போல இரவல் கொடுக்கலாம். மாணவர் தாம் கண்ட மாதிரிப் பெயர், எண், பொருந்திய இயக்கி, பொருந்தாத இயக்கி ஆகியவற்றை எழுதிவைக்க ஒரு குறிப்பேடும் வேண்டும். பொருந்தாதவற்றையும் எழுதுக என்பதை வற்புறுத்துகிறேன். பிறர் நேரம் அதனாலன்றோ மிஞ்சும்.

குறிப்பேட்டை மட்டும் யானே வாங்கிக் கொடுத்துவிட்டேன். 200 பக்கம், கோடிட்டது. நூலகர் மேசையின் வலப்புறத்தில் இருக்கிறது. முதற்பக்கத்தில் அம்மாணவி தம் கணினியின் விவரத்தை எழுதியிருக்கின்றார், வி.எம்.டி. இயக்கியை எந்த மடிப்பில் விரித்து வைக்கவேண்டும் என்பதுவரை எழுதியிருக்கின்றார். அவர் தாயார் கடனில் மூன்று தவணை கட்டியாயிற்றாம். பழைய மாணவருள் இத்துறையிற் பணிபுரிவோர் ஊர்ப்பக்கம் வரும்போது அக்குறிப்பேட்டைப் புரட்டிப் பிழை திருத்தித் தருவரேல் பெரிதும் உதவியாயிருக்கும்.